சோழிக் கணக்கும் கைப்பேசிச் செயலியும்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களைப் பற்றியோ, மராட்டிய மண்ணுக்குப் பிழைக்க வந்த தமிழ் மக்களைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். முன்னைய மலர்களில் அவற்றையே எழுதி வந்தேன். நீங்களும் பொறுமையுடன் படித்து வந்தீர்கள். இம்முறை வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம், பழைய சாங்வியில் வாழும் மூதாட்டியார் ஒருவர் கேட்ட கேள்வி.

நம் சங்கத்து இளைஞர் சிலர், ஹிஞ்சவாடியில் கணினித் தொழில் புரிவோர், முதியோருக்கென ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்க முனைந்தனர். மறைந்த பெற்றோர்க்கும் கணவர்க்கும் மனைவியர்க்கும் ஆண்டுதோறும் திதி கொடுக்கும் நாள் ஆங்கிலத் தேதியில் என்றைக்கு வருகிறது என்று அச்செயலி சொல்லவேண்டும். சொந்த ஊரில் இருப்போர் குடும்பப் புரோகிதரைக் கேட்டு அறிந்துகொள்வர். பவனாவும் முளாவும் கூடும் இந்த ஆற்றங்கரையில் யாரைக் கேட்பது? நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பணிதான்.

இளைஞர்கள் நிரலைத் தம் கையால் எழுதவில்லை. செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் கணினிக் கருவியிடம் அவ்வேலையை ஒப்படைத்தனர். இட்ட வேலையைத் தானே பல படிகளாகப் பகுத்து, நிரலை எழுதி, இயக்கிப் பார்த்து, பிழை கண்டால் திருத்தி முடித்துத் தருவது அதன் இயல்பு. அதற்குத் துணையாக வழிகாட்டி ஏடு ஒன்றை இளைஞர்கள் எழுதி வைத்தனர். இன்ன மொழியில் எழுதுக, இன்ன வடிவில் திரையை அமைக்க, எழுத்து முதியோர் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க, இணையம் இல்லாவிடினும் இயங்குக என்றெல்லாம் அவ்வேட்டில் கட்டளைகள் இருந்தன. யானும் அதைப் படித்தேன். ஓரிடத்திலும் குறை சொல்லத் தோன்றவில்லை.

செயலி முடிந்தது. அம்மையாரின் கணவர் மறைந்தது சித்திரை மாதத் தேய்பிறைச் சப்தமியில். 2024ஆம் ஆண்டுக்கும் 2025ஆம் ஆண்டுக்கும் செயலி காட்டிய நாட்கள், அவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த நாட்களோடு ஒத்திருந்தன. இளைஞர்கள் மகிழ்ந்தனர். அம்மையார் விடவில்லை, 2023ஆம் ஆண்டுக்கும் பார்க்கச் சொன்னார். செயலி ஏப்ரல் இரண்டாம் வாரத்தைக் காட்டிற்று. அவர் திதி கொடுத்ததோ மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில்! "பங்குனி முடியுமுன்னே சித்திரை வந்துவிட்டதா, தம்பி?" என்று கேட்டு நகைத்தார். அருகிலிருந்த எனக்கு நகைப்பு வரவில்லை. அவர் கேளாதிருந்தால், ஏதோ ஓராண்டில் பிழைபட்ட நாளில் அன்றோ தம் கணவர்க்குக் கடன் ஆற்றியிருப்பார்?

பிழையின் வேர் எளியது. நம் சித்திரை, கதிரவன் மேடத்தில் புகும் ஏப்ரல் 14ஆம் நாளை ஒட்டித் தொடங்கும் சூரிய மாதம். மராட்டியரின் சைத்திரம், குடி பாட்வா அன்று தொடங்கும் சந்திர மாதம். இரண்டும் ஒன்றே என முகவர் கொண்டுவிட்டது. குடி பாட்வா 2024இல் ஏப்ரல் 9ஆம் நாளும், 2025இல் மார்ச் 30ஆம் நாளும் வந்தமையால், சைத்திரத்துத் தேய்பிறைச் சப்தமி நம் சித்திரைக்குள்ளேயே விழுந்தது. பிழை வெளியே தெரியவில்லை. 2023இலோ குடி பாட்வா மார்ச் 22ஆம் நாளே வந்துவிட்டது. சப்தமியும் பங்குனியிலேயே முடிந்துபோயிற்று. வழிகாட்டி ஏட்டில் பொத்தானின் நிறத்தைப் பற்றி வரிகள் இருந்தன. சித்திரை வேறு, சைத்திரம் வேறு என்று ஒரு வரி இல்லை.

அப்படியாயின், ஒரு வழிகாட்டி ஏடு நல்லதா, தீயதா என்பதை எவ்வாறு அறிவது? படித்துப் பார்த்து அறிய முடியாது என்பதற்கு யானே சான்று. இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. நம் தமிழகத்தில், அதுவும் புதுச்சேரியில், ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது.

பழைய பஞ்சாங்கக் கணிதர் கையாண்ட வழிகாட்டிக்கு வாக்கியம் என்று பெயர். சந்திரன் பூமியை நெருங்கியும் விலகியும் செல்லும் சுற்று ஒன்பது முறை நிகழ ஏறத்தாழ 248 நாட்கள் ஆகும். அந்த 248 நாட்களில் ஒவ்வொரு நாளும் சந்திரன் நிற்கும் இடத்தை ஒரு சிறு சொற்றொடரில் பொதிந்து வைத்தனர் முன்னோர். மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. சொற்றொடரை எண்ணாக மாற்றி வலமிருந்து இடமாகப் படித்தால் பாகையும் கலையும் கிடைக்கும். கணிதர் இவ்வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருப்பார். தரையில் சோழிகளைப் பரப்பி, கூட்டியும் கழித்தும் நகர்த்தியும் கிரகணத்தின் நேரத்தைச் சொல்லிவிடுவார். ஏன் கூட்டுகிறோம், ஏன் கழிக்கிறோம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. வாக்கிய முறையை விளக்கும் 'வாக்கியகரணம்' என்னும் வடமொழி நூலை, குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மா அவர்களும் பதிப்பிக்க, சென்னை குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிலையம் 1962இல் வெளியிட்டது.

லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலார் புதுச்சேரிக்கு வந்தது வேறொரு நோக்கத்தோடு. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்லும் அரிய காட்சியைக் காண்பதற்காகப் பிரான்சிலிருந்து புறப்பட்டார். 1761இல் அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டது. காட்சி நிகழ்ந்தபோது அவர் கடலில் இருந்தார். எட்டாண்டு காத்திருந்து 1769இல் புதுச்சேரியிலேயே கண்ணாடியைத் திருப்பி வைத்தபோது மேகம் மூடிக்கொண்டது. இவ்வளவு துரதிர்ஷ்டம் ஒரு மனிதர்க்கு வரலாமா? ஆயினும் அவர் காத்திருந்த காலம் வீண்போகவில்லை. அங்கிருந்த தமிழரிடம் சோழிக் கணக்கைக் கற்றார். கற்றதைச் சோதித்தும் பார்த்தார்.

அவர் சோதனைக்குக் கொண்ட கிரகணங்களுள் ஒன்று 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம். அவர் புதுச்சேரியை அடையுமுன்பே நிகழ்ந்து முடிந்துவிட்ட கிரகணம் அது. ஆகவே விடை முன்னமே தெரியும்; கணக்கு அவ்விடையைத் தருகிறதா என்பதே கேள்வி. தமிழர் முறைப்படி வந்த கிரகண நேரம் உண்மையினும் 41 விநாடி குறைந்திருந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவில் பெரிதும் மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி வந்த நேரமோ 68 விநாடி மிகுந்திருந்தது. ஒரே வேலையை இரண்டு வழிகாட்டிகளிடம் கொடுத்து, வானத்தை நடுவராக வைத்த சோதனை இது. மேடைகளில் இச்செய்தியைச் சொல்லிக் கைதட்டல் பெறுவோர் உளர். யானும் ஒருமுறை பெற்றிருக்கிறேன். ஆனால் அவர்கள் அடுத்த சோதனையைச் சொல்வதில்லை.

அடுத்த சோதனை 1825இல் நடந்தது. முன்னர்ச் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் என்பார், தென்னாட்டுக் காலக்கணித முறைகளையெல்லாம் தொகுத்து 'கால சங்கலித' என்னும் பெருநூலை அவ்வாண்டில் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டும் தரையில் பரப்பிய சோழிகளைக் கொண்டும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிந்திருக்கிறார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் சாஷையா என்று ஒலிக்கும். சேஷையா என்பதே அப்பெயராதல் வேண்டும். வானியல் கொள்கையில் சேஷையாவுக்குப் பயிற்சி இல்லை என்றும், நினைவாற்றல் மட்டும் மிக வலியது என்றும் வாரன் குறித்துள்ளார்.

கணித்த கிரகணம் 1825 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்தது. தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். முதற் பிழை ஒரு பக்கமும், பின்னைய இரண்டும் மறுபக்கமும் சாய்ந்திருந்தன. ஆகவே கிரகணம் நீடிக்கும் நேரத்தில் மட்டும் 56 நிமிடம் வேறுபாடு. இக்கணக்கை ஓட்டோ நியூகெபவர் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 'தமிழ் வானியல்' என்னும் கட்டுரையாக 1952இல் வெளியிட்டார். பண்டைப் பாபிலோனியரின் எண்கணித வானியலுக்கு உறவான ஒரு முறை, கோட்பாடு அறியாத ஒருவரின் நினைவில் 19ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்ததே என்பது அவருடைய வியப்பு. என் வியப்பு வேறு.

ஒரே மரபு, ஒரே சோழி. ஒரு கிரகணத்தில் நேரத்தின் பிழை 41 விநாடி. மற்றொன்றில் 56 நிமிடம். 1765ஆம் ஆண்டுச் சோதனையை மட்டும் கண்டவர், ஐரோப்பியரை வென்ற ஏடு என்பார். 1825ஆம் ஆண்டுச் சோதனையின் முடிவை மட்டும் கண்டவர், பயனற்ற ஏடு என்பார். அதே 1825ஆம் ஆண்டுக் கிரகணத்தின் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு உறங்கப் போனவர், நான்கு நிமிடந்தானே என்று மெச்சியிருப்பார். நம் இளைஞர்கள் 2024, 2025 ஆகிய ஈராண்டுகளைப் பார்த்து மகிழ்ந்தது இவ்வகையே. ஒரு வழிகாட்டியைச் சோதிப்பவர் எத்தனை கிரகணங்களைப் பார்த்தார், ஒவ்வொன்றையும் எதுவரை விழித்திருந்து பார்த்தார் என்பதைக் கேட்காமல் அவருடைய தீர்ப்பை ஏற்றல் கூடாது.

இதனை நன்கு உணர்ந்தவர்கள் நம் அண்டை நாடாகிய கேரளத்தில் இருந்தனர். சங்கமகிராம மாதவர் பழைய சந்திர வாக்கியங்களைத் திருத்தி, கலையளவில் நின்றதை விகலையளவுக்கு நுட்பமாக்கினார். அவர் வழிவந்த பரமேசுவரர், நிளா ஆற்றங்கரை ஆலத்தூரில் இருந்து, 1393 முதல் 1432 வரை நிகழ்ந்த கிரகணங்கள் பலவற்றைக் கண்டு குறித்தார். வானத்தோடு கணக்கு ஒத்துவராமையால் 1431இல் 'திருக்கணிதம்' என்னும் புதிய முறையை வகுத்தார். ஏடு பிழையன்று, வானமே பிழை என்று அவர் சொல்லவில்லை! அவர் மரபில் வந்த நீலகண்டர், சித்தாந்தங்களைக் காட்சியோடு ஒப்பிட்டுக் காலந்தோறும் திருத்துதல் கடமை என்பதை நிறுவத் தனி நூலே எழுதினார்.

நாம் வாழும் இம்மராட்டிய நாட்டிலும் இவ்வரலாறு உண்டு. கணேச தைவஞ்ஞர் 1520இல் இயற்றிய 'கிரகலாகவம்' சைன் அட்டவணையையே நீக்கி, கூட்டல் பெருக்கல் அறிந்தவரும் கணிக்குமாறு அமைந்தமையால் நூற்றாண்டுகள் கடந்தும் இந்நாட்டுப் பஞ்சாங்கங்களுக்கு ஆதாரமாயிற்று. 1896இல் பூனாவைச் சேர்ந்த சங்கர் பாலகிருஷ்ண தீட்சிதரும், சென்னை ஆட்சிப் பணியாளராகிய இராபர்ட் சூவெல் துரையும் சேர்ந்து 'இந்திய நாட்காட்டி' என்னும் நூலை வெளியிட்டனர். இந்நாட்டுத் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றுவதற்கான அட்டவணைகள் கொண்ட நூல் அது. அதாவது, நம் இளைஞர்களின் செயலி செய்ய முனைந்த வேலையே. சூரிய மாதம் வேறு, சந்திர மாதம் வேறு என்பது அந்நூலில் விரிவாக விளக்கப்பட்டுள்ளது. செயலியின் ஏட்டில் இல்லாமற்போன வரியைப் பூனாவாசி ஒருவர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்!

இனி இற்றைநாள் நிலைமையைப் பார்ப்போம். நிரல் எழுதும் கணினியைச் சோதிப்பதற்கு 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் 164 கணக்குகள் கொண்ட தேர்வொன்றை வகுத்தனர். விடையைப் படித்து மதிப்பெண் இடாமல், நிரலை இயக்கிப் பார்த்து மதிப்பெண் இட்டனர். அவர்களுடைய கோடெக்ஸ் ஒரே முயற்சியில் நூற்றுக்கு 28.8 கணக்குகளைச் சரியாக முடித்தது. கணக்கொன்றுக்கு நூறு முயற்சி தந்தபோது அத்தொகை 70.2 ஆக உயர்ந்தது. ஒருமுறை சரியாகச் செய்தது மறுமுறை தவறும், தவறியது சரியாகும் என்பது இதனால் விளங்கும். 2023இல் பன்னிரண்டு மென்பொருள் திட்டங்களிலிருந்து உண்மையாகவே எழுந்த 2,294 சிக்கல்களைத் தொகுத்து எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்னும் தேர்வு வந்தது. முகவருக்கென ஏடு எழுதிவைக்கும் வழக்கம் 2025இல் பரவிற்று; ஏஜென்ட்ஸ்.எம்டி என்னும் பொதுவடிவும், ஆந்த்ரோபிக் நிறுவனத்தாரின் ஸ்கில்ஸ் என்னும் அமைப்பும் அவ்வாண்டில் வந்தவையே.

கைப்பேசித் துறையில் ஏடு விரைவில் மூப்படைகிறது. ஆண்ட்ராய்டுக்குக் காட்லின் மொழியை 2017இல் கூகுள் ஏற்றது. திரை அமைக்கும் காம்போஸ் முறை 2021இல் நிலைபெற்றது. முன்னர் எல்லோரும் கையாண்ட அசிங்க்டாஸ்க் 2020இல் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு 31 முதல் பிளே ஸ்டோரில் ஏற்றும் புதுச் செயலிகள் ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொள்ளல் வேண்டும் என விதித்தனர். வாக்கியம் பிழைபட நூற்றாண்டுகள் ஆயின. இந்த ஏடு பிழைபட ஓராண்டு போதும்.

முகவருக்கும் சேஷையாவுக்கும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. சேஷையாவிடமிருந்து வாக்கியத்தை எடுத்துவிட்டால் அவர் சோழிகளைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். முகவரோ உலகத்து நிரல்களையெல்லாம் முன்னரே படித்தது. ஏடு இல்லாவிடினும் ஏதேனும் ஒன்றைச் செய்து முடிக்கும். ஆகவே ஏட்டோடு செய்தபோது நன்றாக வந்தது என்பதால் ஏடு நன்று என்றாகாது. ஏடு இன்றியும் அவ்வேலையைக் கொடுத்துப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே ஏட்டின் பயன் எனக் கொள்ளவேண்டும். இன்னும் ஒன்று: ஏடு மௌனமாக இருக்கும் இடத்தில் முகவர் நின்று கேட்பது அரிது. தான் அறிந்ததைக் கொண்டு நிரப்பிக்கொண்டு, நிரப்பியதைச் சொல்லாமலே மேற்செல்லும். நம் சித்திரை சைத்திரமானது அவ்வாறுதான்.

மூதாட்டியாரின் கேள்விக்குப் பின் இளைஞர்கள் நாணமுறாமல் மீண்டும் தொடங்கினர். அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். அம்மையாரின் குறிப்பேட்டிலிருந்தும், மற்றும் சிலர் வீட்டுக் குறிப்புகளிலிருந்தும் விடை தெரிந்த நாட்களைத் திரட்டினர். அவற்றை முகவருக்குக் காட்டாமல் தனியே வைத்தனர். ஏடு இன்றி, பழைய ஏட்டோடு, திருத்திய ஏட்டோடு என மூவகையாக, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கச் செய்து, ஒவ்வொன்றையும் மும்முறை கட்டச் சொன்னார்கள். செயலி திறக்கிறதா என்பதோடு நில்லாமல், மூதாட்டியார் கையில் கைப்பேசியைக் கொடுத்து, அவர் தம் நாளைத் தேடி எடுக்கும் வரை பார்த்தார்கள். முடிவு எனக்குச் சிறிது வேடிக்கையாக இருந்தது. திரை அமைப்பைப் பற்றிய கட்டளைகளுட் பெரும்பாலானவற்றை நீக்கியும் வேறுபாடு தெரியவில்லை. அவற்றை முகவர் முன்னரே அறிந்திருந்தது. மாதங்களைப் பற்றிய சில வரிகளைச் சேர்த்தபோதுதான் நாட்கள் ஒத்துவந்தன. அவற்றை எழுதித் தந்தவர் கணினி அறியாத அம்மையாரே. இடையில் ஓர் இளைஞர், மற்றொரு செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மதிப்பெண் இடலாம் என்றார். இட்டும் பார்த்தனர். நடை அழகாக இருந்த பழைய ஏட்டுக்கே அது முதலிடம் தந்தது. அம்மட்டோடு அந்த யோசனையைக் கைவிட்டனர்.

ஆயினும் ஒரு முடிச்சு அவிழவில்லை. வானத்தை நடுவராக வைப்பது கிரகணத்துக்குப் பொருந்தும். திதிக்கு நடுவர் யார்? நம் வீடுகளுட் சில வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகின்றன, சில திருக்கணிதத்தை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். வாக்கியமோ இன்றும் அச்சாகி விற்கிறது. இரண்டிலும் திதி முடியும் நேரம் சில நாழிகை வேறுபடும். சில ஆண்டுகளில் அதனால் நாளே மாறும். என் தந்தையார் வாக்கியம். என் மாமனார் திருக்கணிதம். ஒருவர் நாளை மற்றொருவர் ஏட்டால் பிழையென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எப்பஞ்சாங்கம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுமாறு ஏட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். எதைப் பின்பற்றுகிறோம் என்று தெரியாத வீட்டாருக்குச் செயலி என்ன சொல்லவேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

விடை தெரிந்த நாட்கள் போதுமான அளவில் இல்லை என்று இளைஞர்கள் கூறுகின்றனர். அதிகமாதம் வந்த ஆண்டுகளுக்கும், ஒரே மாதத்தில் ஒரு திதி இருமுறை வந்த ஆண்டுகளுக்கும் உரிய குறிப்புகளே அவர்களுக்கு மிகத் தேவை. உங்கள் வீட்டில் பழைய பஞ்சாங்கங்களோ, திதி கொடுத்த நாட்களை எழுதிய குறிப்பேடுகளோ இருப்பின், ஆண்டு விழாவன்று எடுத்து வாருங்கள். மண்டபத்தின் வாயிலில் மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். குறிப்பை எழுதிக்கொண்டு ஏட்டை அப்போதே திருப்பித் தந்துவிடுவார்கள்.